கட்டிலுக்குக் கீழே லண்டன்

விளையாட்டு ரயிலிலிருந்து புகை வந்தால் அது நீராவி எஞ்சினாக இருக்கவேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசையில் நின்றது மின்சார எஞ்சின்.

கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் வீட்டில் ஒரு சனிக்கிழமைக் காலை. வருடம் 2009 என்பது நிச்சயம். மாதத்தைக் கேட்காதீர்கள். கோடை முடிந்து, ஹீற்றரைப் போடலாமா, போட்டால் மனைவி என்ன சொல்வாள் என்று நான் யோசிக்கிற பருவம்.

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்திப் பொருத்திச் செய்த சிவப்பு எஞ்சின். அதன் வயிற்றிலிருந்து மெல்லிய நீலப் புகை ஊதுபத்திக்குரிய பணிவோடு எழுந்து கூரைப் பக்கம் போனது. மணம் ஊதுபத்தியுடையது அல்ல. தலைமயிரையும் றப்பர் செருப்பையும் ஒரே சட்டியில் தாளித்தால் வரக்கூடியது.

கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. குசினிக்குள்ளிருந்து துவாயோடு ஓடி வந்த வதனி, கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்கு விசிறினாள். இருபது வருடத் திருமணத்தில் அவள் எனக்கு விசிறியதில்லை.

“என்ன எரியுது?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாதது இவ்வளவு நாறுமே?”

அலாரம் நின்றது. அந்த அமைதியில் குசினிக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக். டக். அந்தக் குழாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கும் எனக்கும் கோடைகாலம் முழுவதும் ஒரு பிணக்கு இருந்தது.

வதனி கதிரையிலிருந்து இறங்கி, மேசையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள். “குணம் அண்ணையின்ர ரயிலை எரிச்சுப்போட்டீங்களோ?” என்று மிக மெதுவாகக் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரிமோட்டும் கையும்

அந்த வருடம் எங்கள் ஆட்களுக்கு என்ன வருடம் என்று விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் போர் முடிந்தது என்றார்கள். குணம் அண்ணையின் தம்பி குடும்பம் வன்னியில் இருந்தது. அதுவரை இடைக்கிடை வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு, அதற்குப் பிறகு வரவில்லை.

குணம் அண்ணை இங்கே லண்டனில், எட்மண்டன் பக்கம் பைப் வேலை செய்பவர். வட லண்டனில் பாதித் தமிழ் வீடுகளின் குளியலறைகளை அவருக்குத் தெரியும். யார் வீட்டில் எந்தக் குழாய் எந்தக் குணம் என்று சொல்வார். மே மாதத்துக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. ரீவிக்கு முன்னால் உட்கார்ந்தார். முகாம்களைக் காட்டும்போது கம்பிக்குப் பின்னால் நிற்கிற சனத்துக்குள் தம்பியின் முகத்தைத் தேடினார். ஒரு சனலில் முடிந்தால் அடுத்த சனல்.

நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். தேத்தண்ணி குடித்தோம். அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தோம். நான் நகைச்சுவை எழுதுகிறவன் என்று பேர்; என் நகைச்சுவை எதற்கும் உதவாத இடங்கள் இருக்கின்றன என்பதை அந்தச் சோபாவில் இருந்து கற்றுக்கொண்டேன்.

பிறகொரு நாள் அவருடைய மனைவி ராணி அக்கா இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கற் பை.

“ரிமோட்டும் கையுமா இருக்கிறார் தம்பி. நித்திரையிலயும் பிடிச்சுக்கொண்டு படுக்கிறார். மே மாசத்துக்குப் பிறகு மனுசன் ஒரேயொரு வசனம்தான் முழுசாக் கதைச்சது.”

“என்ன வசனம் அக்கா?”

“நான் ரீவிக்கு முன்னால பூச்சாடியைக் கொண்டுபோய் வைச்சிட்டன். ‘அதில வைச்சா ரிமோட் வேலை செய்யாது, எடு’ எண்டார்.”

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?”

“எடுத்திட்டன். பிறகென்ன சொல்றது?” அக்கா பையை மேசையில் வைத்தார். “சரஸ்வதி பூசைக்கு உங்கட வீட்டை கூட்டிக்கொண்டு வரப்போறன். சும்மா வாங்கோ எண்டா வரமாட்டார். ரயில் ஓடுது எண்டா வருவார். நீர் இதை ஓட வையும்.”

பைக்குள் எட்டிப் பார்த்தேன். சிவப்பு எஞ்சின். ஒரு பயணிகள் பெட்டி. ஒரு திறந்த பெட்டி. சாம்பல் தண்டவாளங்கள்.

“அண்ணைக்குத் தெரியுமோ கொண்டுவந்தது?”

“சொன்னனான். ‘ம்’ எண்டார். நான் வாசலுக்கு வந்த பிறகு, ‘நடுத் தண்டவாளம் வளையாமப் பாக்கச் சொல்லு’ எண்டார்.”

ராணி அக்கா விரல் மடக்கினார். “அது ரெண்டாவது வசனம்.”

தெருவோரத்தில் பிறந்த சாமான்கள்

அந்த ரயிலை நான் முதலில் பார்த்தது ஜேர்மனியில், எனக்கு இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில்.

அகதிகள் விடுதியில் ஓர் அறை, நான்கு கட்டில், நான்கு தமிழர். வேலை செய்ய அனுமதியில்லை. அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. எல்லை எங்கே என்றால், பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் ஒரு முட்டைக்கோஸ் தோட்டம், அதன் நடுவில். தோட்டக்காரர் தன் முட்டைக்கோஸில் பாதியைப் பார்க்க சுதந்திரமாகப் போய்வந்தார். எங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும்.

ஜேர்மன்காரர் வருடத்தில் சில நாட்கள் வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவோரம் வைப்பார்கள். கட்டிலைத் தவிர எங்கள் அறையில் இருந்த எல்லாமே தெருவோரத்தில் பிறந்தவை. ஒரு கால் குட்டையான மேசை, நேரத்தை மட்டும் சொல்லாத மணிக்கூடு, அரசகுமாரன் ஒருவனுக்குத் தைத்தது போன்ற சாய்மனைக் கதிரை. அப்படி ஒருநாள் குணம் அண்ணை ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சமையல் சட்டியோ அண்ணை?”

“இல்லை. போக்குவரத்து.”

எங்கள் நான்கு பேரிலும் அவர்தான் மூத்தவர். முப்பதைத் தொட்டிருப்பார். தண்டவாளத்தை அறை முழுவதும் சுற்றிப் போட்டார். சாதாரண இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இன்னொரு சோடி, அதில்தான் மின்சாரம். நடுத் தண்டவாளம் வளைந்தால் ரயில் செத்துப்போகும். அதனால் யாரும் மிதிக்காமல் நடக்கப் பழகினோம். இன்றைக்கும் நான் அறைக்குள் நுழைகிறபோது ஒரு காலைத் தூக்கி வைப்பதாக வதனி சொல்கிறாள்.

ரயில் இருந்தால் ஸ்டேஷன் வேண்டும். எங்களுக்குப் போக அனுமதியில்லாத ஊர்களையெல்லாம் ஸ்டேஷன் ஆக்கினோம். ஜன்னலடியில் பரிஸ். அலுமாரிக்கு முன்னால் ரொறன்ரோ. என் கட்டிலுக்குக் கீழே லண்டன். ஏனென்றால் எனக்கு லண்டனில் ஒரு மாமா இருந்தார். பெட்டியோடு வந்த நான்கு குட்டிப் பிளாஸ்டிக் மனிதர்களையும் பங்குபோட்டோம். அண்ணையுடைய ஆள் சாரதி. என்னுடைய ஆளுக்கு யாரோ பேனையால் மூக்குக்கண்ணாடி கீறிவிட்டார்கள்.

குணம் அண்ணை ஸ்டேஷன் மாஸ்டர் குரலில் அறிவிப்பார். “பயணிகளின் கவனத்துக்கு! பரிஸ் வழியாக லண்டன் செல்லும் கடுகதி ரயில், மூன்றாம் கட்டிலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. காலை எடுங்கோ!”

முட்டை

பிறகு ஒருநாள் என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். சாப்பிடவில்லை. பேசவில்லை. அந்த வயதில் பெரும் துயரத்தோடு சிறிது நாடகமும் கலந்திருக்கும். ஆனால் துயரம் பொய்யில்லை.

குணம் அண்ணை ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். திறந்த பெட்டியில் ஓர் அவித்த முட்டையை, உப்பும் மிளகும் தூவி, ஏற்றி அனுப்பினார். ரயில் என் கட்டிலுக்குக் கீழே வந்து நின்றது. நான் எடுக்கவில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு ரயில் போனது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபடியும் வந்தது. முட்டை பரிஸ் போய், ரொறன்ரோ போய், லண்டன் திரும்பியது. அன்று முழுவதும். அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சுவரிலிருந்து திரும்பினேன்.

“அண்ணை, இது புது முட்டையோ?”

அறையில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குணம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டார். “பயணிகளின் கவனத்துக்கு! லண்டன் பயணி வாய் திறந்துவிட்டார்.”

புது முட்டைதான். ஒவ்வொரு நாளும் அவித்திருக்கிறார். பழையதை அவரே தின்றிருக்கிறார். ஒரு முட்டையில் எவ்வளவு உப்பு இருக்கவேண்டும் என்பதற்கு அதுதான் இன்றுவரை என் அளவு.

உண்மையான லண்டனுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. குணம் அண்ணைக்கு அங்கேயே விசா கிடைத்து, ராணி அக்கா வந்து, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கவேண்டும் என்று பத்து வருடத்துக்குப் பிறகு அவர்களும் லண்டனுக்கு வந்துவிட்டார்கள். ஜேர்மனியிலிருந்து சாமான் கொண்டுவந்த வான் வண்டியில் அண்ணை தன் கையால் ஏற்றி, தன் கையால் இறக்கிய ஒரே பெட்டி இந்த ரயில்தான்.

அதைத்தான் நான் சாப்பாட்டு மேசையில் வைத்து எரித்தேன்.

வாசித்தவனின் துணிச்சல்

எப்படி எரித்தேன் என்று சொல்லாவிட்டால் நேர்மையாக இராது.

ரயிலோடு வந்த ஜேர்மன் ட்ரான்ஸ்ஃபோர்மர் செத்திருந்தது. செருகினால் ரீங்காரம் செய்தது, மின்சாரம் வரவில்லை. நான் அப்போது கவுன்சில் நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மின்சாரம் பற்றிய புத்தகங்கள் எந்த அலுமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவற்றைத் திறந்து பார்த்தவன் இல்லை. தெரியாதவன் பயப்படுவான், தெரிந்தவன் கவனமாக இருப்பான், புத்தகத்தின் முதுகை மட்டும் வாசித்தவன்தான் லப்ரொப் சார்ஜரின் வயரை வெட்டி ரயிலில் கொளுவுவான்.

பன்னிரண்டு வோல்ற்றுக்குப் பழகிய மோட்டர். நான் கொடுத்தது பத்தொன்பது. எஞ்சின் ஒரு முழம் தூரம், வாழ்நாளில் கண்டிராத வேகத்தில் பாய்ந்தது. நான் கைதட்டினேன். பிறகுதான் புகை.

சரஸ்வதி பூசைக்கு எட்டு நாள் இருந்தது.

வதனி தன் தங்கைக்குப் போன் எடுத்தாள். மாலினி சட்டனில் இருக்கிறாள். லிப்ற் திருத்துவது தொழில். அடுக்குமாடியில் நடுவழியில் நின்றுபோன லிப்ற்றின் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லுகிற வேலை. அடுத்த நாள் கருவிப் பையோடு வந்தாள். எஞ்சினை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள்.

“அத்தான், இதைக் கொலை செய்யிறதுக்கு என்னத்தைப் பாவிச்சனீங்கள்?”

சொன்னேன்.

“நல்லகாலம், தேத்தண்ணிக் கெற்றிலின்ர வயர் கிட்ட இருக்கேல்லை.”

“திருத்தலாமோ?”

“இந்த மோட்டர் முடிஞ்சுது. இப்ப இதை அவங்கள் செய்யிறதும் இல்லை. ஆனா வேற மோட்டர் போடலாம்.” மேசையில் இருந்த பேப்பரில் கீறிக் காட்டினாள். “இதே கட்டைக் கம்பனி இப்ப புதுசா ஒண்டு விடுறான். பற்றரிப் பெட்டி ஒண்டு, மோட்டர் ஒண்டு, ரிமோட்டின்ர சிக்னலைப் பிடிக்கிற கண் ஒண்டு. தண்டவாளத்தில கரண்ட் தேவையில்லை. எல்லாம் ரயிலுக்குள்ளயே.”

“அப்ப நடுத் தண்டவாளம்?”

“கழட்டி எறியலாம்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, எறிய வேண்டாம். கழட்டி வையுங்கோ” என்றாள்.

சத்திரசிகிச்சை

புதிய சாமான்கள் தபாலில் வந்து சேர இரண்டு நாள். மாலினி வேலை முடிந்து பின்னேரங்களில் வந்தாள். நான் உதவியாளன். என் உதவி, அவள் கேட்ட கட்டையைத் தவிர மற்ற எல்லாக் கட்டைகளையும் எடுத்துக் கொடுப்பது.

புது மோட்டர் எஞ்சினுக்கு அடியில், பழையது இருந்த இடத்திலேயே இருந்தது; ஆனால் ஒரு கட்டை உயரம் கூட. எஞ்சின் குதிக்கால் உயர்ந்த சப்பாத்துப் போட்டதுபோல் முன்பக்கம் சாய்ந்தது. அடித்தட்டை மாற்றினாள். பிறகு ஓடியது, பின்பக்கமாக. மோட்டரைக் கழற்றி மறுபக்கம் திருப்பி வைத்தாள். முன்பக்கம் ஓடியது, வளைவில் விழுந்தது. பற்றரிப் பெட்டி திறந்த பெட்டியில் இருந்ததால் வால் பாரம் என்றாள். அதை எஞ்சினுக்கு அடுத்த பயணிகள் பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

கூரையைக் கழற்றினோம். உள்ளே நான்கு சீற். நான்கு சீற்றிலும் நான்கு குட்டி மனிதர்கள்.

சாரதி சீற்றில் இருக்கவேண்டிய அண்ணையின் ஆள்கூட மற்றவர்களோடு வந்து இருந்தான். ஜன்னல் பக்கம், வெளியே பார்த்தபடி, என் ஆள். இருபது வருடத்துக்கு மேலாகியும் பேனையால் கீறிய மூக்குக்கண்ணாடி அழியவில்லை. அண்ணை அதன்மேல் மறுபடியும் மறுபடியும் கீறியிருக்கிறார். கோடு மொத்தமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியின் பவர் கூடிக்கொண்டே போயிருக்கிறது, என்னுடையதும்தான்.

“என்ன அத்தான், கண் கலங்குது?”

“சோல்டர் புகை.”

“நான் இன்னும் ஈயம் உருக்கவே தொடங்கேல்லை.”

பற்றரிப் பெட்டி சீற்றுகள் முழுவதையும் அடைத்துக்கொண்டது. பயணிகளுக்கு இடமில்லை. நான்கு பேரையும் ஒரு கோப்பைக்குள் போட்டு வைத்தேன். வீடு வீடாக மாறிப் பழகியவர்கள், முறைப்பாடு இல்லை.

கடைசியாகக் கண். எஞ்சினின் முகத்தில், இரண்டு விளக்குக்கும் நடுவில், சிறிய கறுப்பு வட்டம். ஐந்து சத நாணயத்தைவிடச் சிறிது.

“ரிமோட்டை இதின்ர முகத்துக்கு நேர பிடியுங்கோ அத்தான். ஒருக்காக் கண்டாப் போதும். பிறகு தன்பாட்டில ஓடும்.”

ஓடியது. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு தடவை. வதனி சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பழைய ஜேர்மன் மோட்டரின் கரகரப்பு இல்லை. புதியது பூனைபோல் முனகியது. எனக்கு அந்தக் கரகரப்புத்தான் ரயில் சத்தம். ஆனால் கொலைகாரன் பேசக்கூடாது. பழைய மோட்டரைப் பால்மா ரின் ஒன்றில் போட்டுப் பத்திரமாக வைத்தேன்.

சரஸ்வதி பூசை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசை. கும்பத்துக்கு முன்னால் புத்தகங்கள், வதனியின் தையல் மெஷின், என் பேனை, நான் எழுதாமல் வைத்திருந்த கொப்பிகள். அவல், கடலை, மோதகம். மாலினி வரவில்லை, எங்கேயோ ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் யாரோ நின்றுவிட்டார்கள்.

நான் சாமிக் கும்பிடு விஷயத்தில் கொஞ்சம் முற்போக்கு. வதனி என் பேனைக்குச் சந்தனம் வைக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு சிறு விரிவுரை ஆற்றுவேன். அந்த வருடம் ஆற்றவில்லை. ரயில் ஓடவேண்டும். அண்ணை அந்தச் சோபாவிலிருந்து எழுந்து வரவேண்டும். மூன்றாவது வசனம் பேசவேண்டும். முற்போக்கை அடுத்த வருடம் பார்க்கலாம்.

“புது வாகனம் மாதிரித்தானே, தேசிக்காய் வைப்பமே?” என்று வதனியைக் கேட்டேன்.

“தேசிக்காய் ரயிலை விடப் பெரிசு. போய்ப் பொட்டை வையுங்கோ.”

எல்லோருக்கும் வைத்தேன். தையல் மெஷினுக்கு, லப்ரொப்புக்கு, சார்ஜருக்கும்கூட, மன்னித்து. கடைசியில் எஞ்சின். அதற்கு மட்டும் மோதிர விரலால் சந்தனத்தை நன்றாகக் குழைத்து, வட்டமாக, நடுவில் குங்குமம். எஞ்சினின் முகத்தில் அதற்கென்றே செய்துவைத்தது போல ஓர் இடம் இருந்தது. இவ்வளவு திருத்தமாக நான் யாருக்கும் பொட்டு வைத்ததில்லை. வதனியின் நெற்றியில் கல்யாணத்தன்று வைத்ததுகூட ஒரு பக்கம் சரிந்து, போட்டோ அல்பத்தில் இன்றும் சரிந்தே இருக்கிறது.

அவர்கள் வந்தார்கள். குணம் அண்ணை மெலிந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தேவாரம் பாடும்போது உதடு அசையவில்லை. பூசை முடிந்ததும் ராணி அக்கா கண்ணால் எனக்குச் சொல்லிவிட்டு, வதனியோடு குசினிக்குள் போனார். அண்ணையை முன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். தண்டவாளம் சுவரோரம் சுற்றி அவருடைய காலடிக்கு வந்தது.

அவர் நிலத்தைப் பார்த்தார்.

“நடுத் தண்டவாளம் எங்க?”

மூன்றாவது வசனம். இப்படி வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

“அண்ணை, மோட்டரை எரிச்சுப்போட்டன்.” எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜர், பத்தொன்பது வோல்ற், புகை. பால்மா ரின்னைத் திறந்து காட்டினேன். அவர் மோட்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப வேற மோட்டர் போட்டிருக்கு அண்ணை. பாருங்கோவன்.”

ரிமோட்டை எஞ்சினின் முகத்துக்கு நேரே பிடித்து அமத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமத்தினேன். குனிந்து அமத்தினேன். முழங்காலில் நின்று அமத்தினேன். பற்றரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மாலினிக்குப் போன் எடுத்தேன். பின்னால் யாரோ சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“பச்சை லைற் எரியுதோ?”

“ஓம்.”

“சனல் ஒண்டிலதானே இருக்கு?”

“ஓம்.”

“முன்னால என்னவும் மறைக்குதோ?”

எனக்கும் ரயிலுக்கும் நடுவில் பார்த்தேன். கம்பளம் மட்டும்தான். “ஒண்டும் மறைக்கேல்லை.”

“அப்ப நான் வந்துதான் பாக்கவேணும் அத்தான். இவர் லிப்ற்றுக்குள்ள நிண்டு கத்துறார்.” போனை வைத்துவிட்டாள்.

குணம் அண்ணை மோட்டரை ரின்னுக்குள் திரும்ப வைத்து மூடினார். “பரவாயில்லை தம்பி” என்றார். அது வசனமா, விடைபெறுதலா என்று தெரியவில்லை. கதிரைக் கையைப் பிடித்து எழுந்தார். இந்தக் கதவைத் தாண்டிப் போனால் எட்மண்டன், அந்தச் சோபா, அந்தக் கம்பிவேலி. இனி எதைச் சொல்லிக் கூட்டிவருவது?

எழுந்தவர் எஞ்சினைக் கடந்து ஓர் அடி வைத்தார். பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி, மிதிக்காமல். அப்படியே குனிந்து பார்த்தார்.

“இந்தக் கறுப்பு வட்டத்துக்கு மேல பொட்டு வைச்சது ஆர்?”

நான் கையை உயர்த்தினேன்.

“உதுதானே கண்?”

“ஓம் அண்ணை.”

“கண்ணுக்கு மேல ஆரும் பொட்டு வைப்பினமே? சந்தனத்துக்குள்ளால ரிமோட் எப்பிடி வேலை செய்யும்?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் என்னைப் பார்த்தார். மே மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக, என்னைத்தான் பார்த்தார்.

“அஞ்சு மாசமா நான் வேற என்ன செய்தனான்?”

கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். முழங்கால் மடித்து நிலத்தில் இருந்தார். ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் எஞ்சினின் முகத்தைத் துடைத்தார். பிறகு, விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை வீணாக்காமல், எஞ்சினின் கூரையில் ஒரு சின்னப் பொட்டாக வைத்தார்.

“ம். இப்ப அமத்தும்.”

புது மோதகமோ

ஓடியது.

வளைவைச் சுற்றி அவர் காலடிக்கு வந்து, தாண்டி, மறுபடி வந்தது. அண்ணை நிலத்திலேயே இருந்தார். பயணிகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆக்கள் எங்க?”

“பற்றரி இடத்தைப் பிடிச்சிட்டுது அண்ணை.” கோப்பையை நீட்டினேன்.

நான்கு பேரையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பிறகு ஓடுகிற ரயிலை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூரைமேல் குத்தி வைத்தார். மூக்குக்கண்ணாடிக்காரனை முன்னுக்கு.

“கூரையில போகட்டும். நாங்கள் என்ன, ரிக்கற் எடுத்தே வந்தனாங்கள்?”

நான் விரல் மடக்குவதை விட்டுவிட்டேன்.

அந்த ரயில் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. தம்பியைப் பற்றி இன்றைக்கும் தகவல் இல்லை. அண்ணை இன்றைக்கும் செய்தி பார்க்கிறார். அதை மறைத்து எழுதினால் இந்த நன்றிக்கு அர்த்தமில்லை. ஆனால் எனக்கு மூன்று நாள் முட்டை அவித்த மனிதருக்கு ஒரு மத்தியானம் ஓர் ஓட்டை ரயிலையாவது ஓட்டிக் காட்டக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

சாமி மேசைக்குப் போனேன். சரஸ்வதி பூசையன்று முட்டை கூடாது. ஒரு மோதகத்தை எடுத்துத் திறந்த பெட்டியில் ஏற்றினேன். பாரத்தில் எஞ்சின் கொஞ்சம் முனகியது, ஆனாலும் இழுத்தது. சுவரோரம் போய், கதவடியில் வளைந்து, அவருக்கு முன்னால் வந்து நின்றது.

அவர் மோதகத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை. நான் ரயிலை மறுபடி அனுப்பினேன். ஒரு சுற்று. வந்து நின்றது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தம்பி, இது புது மோதகமோ?”

தலையை ஆட்டினேன். எடுத்துக் கடித்தார். மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சரித்து, எதற்கோ காதுகொடுத்தார்.

“உங்கட குசினிக் குழாய் ஒழுகுது.”

“ஓம் அண்ணை. ஜூனில இருந்து.”

“ஒராளையும் கூப்பிடேல்லையோ?”

“அது உங்கட குழாயல்லோ. நீங்கள் போட்டது.”

“வாஷர் போயிட்டுது. நான் வந்ததில இருந்து கேக்குது, விசர் பிடிக்குது.” மிச்ச மோதகத்தை வாய்க்குள் போட்டார். “இண்டைக்கு ஆயுதம் தொடக்கூடாது. நாளைக்கு விஜயதசமி. சாமானோட வாறன்.”

நான் குசினிக்கு ஓடினேன். ராணி அக்கா சிங்க்கடியில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது, முகம் நனைந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கையாலும் அந்தக் குழாயை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தார். சொட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது.

“அக்கா, இறுக்காதேங்கோ” என்றேன். “அண்ணை நாளைக்கு வாற வரைக்கும் ஒழுகட்டும்.”

ராணி அக்கா கையை எடுத்தார்.

டக். டக்.